தரங்கம்பாடிச் சாலையோர வரலாற்றுப் பலகை: இரும்பில் ஒருமுறை, கல்லில் ஒருமுறை

தரங்கம்பாடிக்குள் நுழையும் சாலையின் ஓரத்தில், ஊரின் தோற்றத்தைச் சொல்லும் கருங்கல் பலகை ஒன்றை நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் அது தாங்கிவிட்டது. எழுத்தும் தூணும் அசையவில்லை என்று உறுதியான பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். இதற்கு முன் அதே இடத்தில் நாங்கள் செய்த பழுதுபார்ப்பு ஏழு மாதங்களில் வீணானது. கடலோர ஊர்களில் இத்தகைய பலகை வைக்க நினைப்பவர்களுக்கு அந்தத் தோல்வியின் விவரங்களும் உதவும் என்பதால் இரண்டையும் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் அங்கே இருந்தது இரும்புப் பலகை. 4 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. அதைச் சுற்றி 40 மில்லிமீட்டர் ஆங்கிள் சட்டம். இரண்டு ஆங்கிள் கால்கள். ஒரு வீட்டின் முன்பக்கத் திறந்த மனையில், சாலை விளிம்பிலிருந்து 5 அடி உள்ளே அது நின்றது. மனைக்குச் சொந்தக்காரரின் எழுத்துப்பூர்வமான இசைவைப் பெற்ற பிறகே தொட்டோம். நாங்கள் பார்த்தபோது தகட்டின் கீழ் விளிம்பு விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. வண்ணம் செதில் செதிலாக எழுந்து நின்றது. வாசகத்தில் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. ஆனாலும் நடுப்பகுதி கெட்டியாக இருந்ததால், சுரண்டி வண்ணம் பூசினால் போதும் என்று முடிவு செய்தோம். இதுதான் முதல் பிழை.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி இரண்டு நாட்கள் தேய்த்தோம். தகடு பளபளவென்று வந்தது. மனத்துக்கு நிறைவாகவும் இருந்தது. மாலையில் இருட்டிவிட்டதால் ரெட் ஆக்சைடு முதற்பூச்சைக் கொடுப்பதை மறுநாளுக்குத் தள்ளிவைத்தோம். காலையில் வந்து பார்த்தபோது, முந்தைய மாலை வெள்ளியாக மின்னிய தகட்டின் மீது மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய துரு படர்ந்திருந்தது. அது சொன்ன செய்தியை அப்போது நாங்கள் புரிந்துகொள்ளவில்லை. இரவுப் பனி என்று எண்ணி, எமரித்தாளால் லேசாகத் தேய்த்து, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சும் எனாமல் இரண்டு பூச்சும் கொடுத்தோம். எழுத்து வரைபவர் ஒருவர் பழைய வாசகத்தையே திரும்ப எழுதிக் கொடுத்தார். மொத்தச் செலவு ₹5,850.

ஏழாம் மாதத்தில் வண்ணத்துக்கு அடியில் கொப்புளங்கள் எழுந்தன. ஒன்றைக் கத்தி முனையால் பெயர்த்தபோது, உள்ளே ஈரமான கருந்துரு இருந்தது. கடற்காற்றோடு வரும் உப்பு, துருவின் சிறுகுழிகளுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. கம்பி பிரஷ் குழியின் வாயை மெருகேற்றுகிறதே தவிர, அடியில் இருக்கும் உப்பை எடுப்பதில்லை. தின்னரிலும் உப்பு கரையாது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, வண்ணத்துக்கு அடியிலேயே இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். நாங்கள் செய்திருக்க வேண்டியது மிக எளிய வேலை: நல்ல தண்ணீரை அழுத்தத்துடன் பாய்ச்சித் தகட்டை மூன்று நான்கு முறை கழுவி, உடனே உலர்த்தி, அன்றைக்கே முதற்பூச்சைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே இரவில் படர்ந்த அந்தப் பழுப்பு நிறமே உப்பு உள்ளே இருப்பதற்கான அடையாளம். கொப்புளங்கள் மிகுதியாக எழுந்தது வெட்டு விளிம்புகளிலும் ஆணித் துளைகளைச் சுற்றியும்தான். கூரிய விளிம்பில் வண்ணம் மெலிந்து போகும். துளைகளின் உட்சுவரில் எங்களுடைய பிரஷ் போகவே இல்லை.

இரும்பின் பழுது இப்படி என்றால், வாசகத்தின் பழுது அதைவிடப் பெரியது. பழைய பலகையின் முதல் வரி, இவ்வூர் 1620ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டவரால் தோற்றுவிக்கப்பட்டது என்று சொல்லியது. நாங்கள் அதைச் சரிபார்க்காமல் அப்படியே புது வண்ணத்தில் எழுதவைத்தோம். ஒருநாள் மாலை பலகை முன் நின்ற பள்ளி மாணவி ஒருத்தி, "அண்ணா, மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு பாண்டியர் காலத்தது என்று எங்கள் வகுப்பில் சொன்னார்களே, ஊர் இல்லாமலா கோயில் கட்டினார்கள்?" என்று கேட்டாள். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. கடற்கரையில் அலை அரித்துவந்த அந்தக் கோயிலைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். அங்கே உள்ள முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அதன் காலம் 1306. டென்மார்க் நாட்டவர் 1620இல் கட்டிய கோட்டைக்கு 314 ஆண்டுகள் முந்தைய ஊரை, கோட்டை கட்டியவர்கள் தோற்றுவித்தார்கள் என்று நாங்கள் சாலையோரத்தில் எழுதி நிறுத்தியிருந்தோம்.

அந்த வாரமே பலகையைக் கழற்றினோம். மீண்டும் வண்ணம் பூசுவது பற்றி யாரும் பேசவில்லை. கல்லில் வெட்டுவது என்று முடிவானதும், கல்லை வாங்கும் முன்பு வாசகத்தை முடித்தாக வேண்டும் என்பதும் தெளிவானது. கல்லில் விழுந்த பிழைக்குத் திருத்தம் இல்லை.

வாசகத்துக்கு மட்டும் ஏழு வாரங்கள் ஆயின. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரை அணுகினோம். எங்கள் முதல் வரைவில் ஏறத்தாழ 600 எழுத்துகள் இருந்தன. ஐயா அதைப் படித்துவிட்டு, "ஊர் எப்போது தோன்றியது என்று நமக்குத் தெரியாது. ஊரின் பெயர் எப்போது எழுத்தில் வருகிறது என்பதுதான் தெரியும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்" என்றார். அதன்பின் 'தோன்றியது', 'நிறுவப்பட்டது' என்ற சொற்கள் ஊரைப் பற்றிய வரிகளிலிருந்து நீங்கின. கோயிற்கல்வெட்டுகள் பொதுவாக மன்னனின் ஆட்சியாண்டையே தரும் என்பதையும், கி.பி. ஆண்டு அறிஞர்கள் கணித்துச் சொல்வது என்பதையும் அவர்தான் எடுத்துரைத்தார். ஆகவே ஆண்டைக் கல்வெட்டே சொல்வதுபோல எழுதாமல், அடைப்புக்குறிக்குள் தனியாக வைத்தோம்.

அடுத்து வந்தது பெயர் விளக்கம். 'அலைகள் பாடும் ஊர்' என்பது பழைய பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது. எங்களில் இருவருக்கு அதைக் கைவிட மனமில்லை. தரங்கம் என்றால் அலை என்பது உண்மைதான். ஆனால் ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் பாடி குடியிருப்பைக் குறிக்கும் சொல். வாணியம்பாடியில் இருப்பதும் அதுவே. சடங்கன்பாடி என்ற பழம்பெயரை மேலே எழுதிவிட்டு, கீழே பாடும் அலைகளை எழுதினால் ஒரே கல்லில் இரண்டு வரிகள் ஒன்றையொன்று மறுக்கும். எனவே எடுத்துவிட்டோம். 1792இல் கட்டப்பட்ட நகர வாயில், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை ஆகியவையும் வெளியேறின. அவை ஒவ்வொன்றும் தனிப் பலகைக்கு உரியவை. எங்களுடைய பலகை ஊரின் தொடக்கத்தையும் கைமாறியதையும் மட்டும் சொன்னால் போதும் என்று நான் வற்புறுத்தினேன். ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே நிறுவிய அச்சுக்கூடத்தை மட்டும் விட மனம் வரவில்லை. தமிழில் படிக்கும் எவருக்கும் அந்த ஊரோடு இருக்கும் உறவு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இறுதியில் தலைப்பையும் சேர்த்து 263 எழுத்துகளில் வாசகம் இப்படி நின்றது:

தரங்கம்பாடி
இவ்வூர் பாண்டியர் காலத்திலேயே சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்னும் பெயர்களுடன் கடற்கரைப் பட்டினமாக இருந்ததை மாசிலாமணிநாதர் கோயிலில் உள்ள முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் கல்வெட்டு (1306) காட்டுகிறது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் டென்மார்க் நாட்டு வணிகர்கள் இங்கே டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு நிறுவிய அச்சுக்கூடத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவுற்றது. 1845இல் இவ்வூர் ஆங்கிலேயரின் கைக்கு மாறியது.

எழுத்தின் அளவை ஊகத்தில் முடிவு செய்யவில்லை. 4 அடிக்கு 3 அடி பிளைவுட் ஒன்றில் வாசகத்தைத் தாளில் அச்சிட்டு ஒட்டி, பலகை நிற்கப்போகும் இடத்திலேயே சாய்த்து வைத்து, சாலையின் எதிர்ப்புறம் 8 மீட்டர் தொலைவில் நின்று படிக்கும்படி வெவ்வேறு வயதினர் ஆறு பேரைக் கேட்டுக்கொண்டோம். முதல் தாளில் எழுத்தின் உயரம் 25 மில்லிமீட்டர். இளைஞர்கள் தடையின்றிப் படித்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய இருவருக்கு ன, ண வேறுபாடு கலங்கியது. மேலே விழும் புள்ளிகள் மறைந்தன. உயரத்தை 35 மில்லிமீட்டராகவும், கோட்டின் தடிப்பை 4 மில்லிமீட்டராகவும், வரிக்கு வரி இடைவெளியை 60 மில்லிமீட்டராகவும் மாற்றியதும் ஆறு பேரும் படித்தார்கள். தலைப்புக்கு 90 மில்லிமீட்டர். சுற்றிலும் 75 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் வாசகம் பத்து வரிகளில் அடங்கியது. இந்தத் தாள் சோதனைக்கு ஆன செலவு ₹200கூட இல்லை. இந்த முழு வேலையில் மிகவும் பயன் தந்த செலவு அதுவே. 600 எழுத்து வரைவையே வைத்துக்கொண்டிருந்தால் இந்த அளவு எழுத்துக்கு இரண்டு கற்கள் வேண்டியிருக்கும்.

கல் மயிலாடுதுறையில் வாங்கினோம். 20 மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு கிரானைட், முகம் மெருகேற்றியது, 12 சதுர அடி, சதுர அடிக்கு ₹210 வீதம் ₹2,520. விளிம்புகளை மழுக்கி மெருகிட ₹400. எடை ஏறத்தாழ 65 கிலோ. எழுத்து வெட்டுக் கூலி ஓர் எழுத்துக்கு ₹14, உயிர்மெய் எதுவானாலும் ஒன்றாகவே கணக்கு. 263 எழுத்துகளுக்கு ₹3,682.

கல்லில் எழுத்து வெட்டும் கடைகளில் இப்போது உளி பிடித்து வெட்டுவது குறைவு. ஒட்டும் ரப்பர் தாளில் எழுத்தின் வடிவத்தைக் கணினி வெட்டுக்கருவி வெட்டும். அதைக் கல்லில் ஒட்டி, எழுத்துப் பகுதியை மட்டும் உரித்துவிட்டு, காற்றழுத்தத்தில் மணலை வீசினால் உரித்த இடம் மட்டும் குழியும். நாங்கள் யூனிகோடில் தட்டச்சிட்டு எடுத்துச் சென்ற கோப்பு, அங்கிருந்த கணினியின் பழைய எழுத்துருவில் கட்டங்களாகவும் சிதறிய கொம்புகளாகவும் திறந்தது. அங்கே அமர்ந்து ஒருவர் மறுபடி தட்டச்சிட்டார். அதை ஏற்றுக்கொண்டது எங்கள் அடுத்த பிழை: மறுபடி தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும் பிழைக்கு வாசல் திறக்கிறது. எழுத்துகளைக் கோட்டுவடிவமாக மாற்றிய கோப்பைக் கொண்டுசென்றிருந்தால் எந்தக் கணினியிலும் உருக்குலையாமல் திறந்திருக்கும்.

ரப்பர் தாள் கல்லில் ஒட்டிய பின், மணல் வீசுவதற்கு முன், ஒருவர் தாளிலிருந்து எழுத்து எழுத்தாக உரக்கச் சொல்ல, மற்றவர் கல்லில் விரல் வைத்து நகர்த்த, கடைசி வரியிலிருந்து முதல் வரி நோக்கிச் சரிபார்த்தோம். பின்னிருந்து படித்தால் பொருள் கண்ணை இழுத்துச் செல்லாது. எழுத்து மட்டுமே தெரியும். அந்த முறையில்தான் 1306 என்பது 1360 ஆகியிருந்ததும், 'மாறவர்மன்' 'மாரவர்மன்' ஆகியிருந்ததும் அகப்பட்டன. முன்னிருந்து நான்கு பேர் படித்தபோது ஒருவர் கண்ணிலும் இவை படவில்லை. அந்த இரண்டு இடங்களிலும் ரப்பரைச் சதுரமாக நீக்கிப் புதுத்துண்டு ஒட்டி வெட்டினார்கள்.

இன்னொரு சிக்கல் தமிழ் எழுத்துக்கே உரியது. ண, ழ, டை போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் சிறு ரப்பர் துண்டு சுற்றிலும் பிடிமானம் இல்லாமல் தனித்து நிற்கும். மணலின் வேகத்தில் அது பறந்தால் சுழி முழுவதும் பள்ளமாகி எழுத்து குருடாகிவிடும். தொழிலாளரிடம், "அண்ணே, சுழிகளை மட்டும் ஒருமுறை அழுத்திவிடலாமா?" என்று கேட்டேன். அவர் மறுக்காமல் மர உருளையால் ஒவ்வொரு வரியையும் மீண்டும் அழுத்தித் தேய்த்தார். அப்படியும் 'தமிழ்ப்' என்ற சொல்லில் ழகரத்தின் சுழி ஒன்று அடைபட்டது. உளியின் ஓரத்தால் அதைத் திருத்த முயன்றதில் வடிவம் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் குறையும் தெரிகிறது. வெட்டின் ஆழம் 2 மில்லிமீட்டர். உள்ளே வெள்ளை எனாமல் நிரப்பி, முகத்தில் வழிந்ததைத் தின்னர் துணியால் துடைத்தார்கள்.

கம்பி வைத்து வார்த்த சிமெண்ட் தூண்கள் வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கினோம். உப்புக் காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சிமெண்டை வெடிக்க வைப்பதை அந்தக் கடற்கரையில் எங்கும் பார்க்கலாம். வேலிக்குப் பயன்படும் 6 அங்குலச் சதுரக் கருங்கல் கால்கள் இரண்டு, 7 அடி நீளம், ஒன்று ₹850. கல்லுக்குள் துருவேறக் கம்பி இல்லை. ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி தோண்டி, மேஸ்திரி ஒருவரும் கையாள் ஒருவரும் சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் கால்களை நிறுத்தினார்கள். மணற்பாங்கான மண் சரிந்துகொண்டே இருந்ததால் குழியின் பக்கங்களுக்குப் பலகை கொடுக்க வேண்டியிருந்தது. கலவைக்கான தண்ணீரைக் குடிநீர்க் குழாயிலிருந்து எடுத்தோம். அருகில் இருந்த அடிபம்பின் நீர் நாக்கில் கரித்தது. சிமெண்ட், ஜல்லி, மணலுக்கு ₹1,650, கூலி ₹1,900, கல்லையும் கால்களையும் ஏற்றிவந்த வண்டிக்கு ₹1,500. ஏழு நாட்கள் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்த பிறகே பலகையைத் தூக்கினோம்.

பலகையைத் துளையிட்டது நான். அவசரத்தில் முதல் துளையைச் சுத்தியல் இயக்கத்தில் போட்டேன்; முன்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. உடனே நிறுத்தி, ₹650 கொடுத்து 14 மில்லிமீட்டர் வைரமுனைத் துளைப்பான் வாங்கி, சுத்தியல் இல்லாமல், தண்ணீர் சொட்டவிட்டபடி மற்ற மூன்றையும் போட்டோம். ஒரு துளைக்கு ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் ஆயின, சில்லு எழவில்லை. விளிம்பிலிருந்து துளை மையம் வரை 75 மில்லிமீட்டர் விட்டிருந்ததால் மூலை உடையாமல் தப்பியது. பெயர்ந்த இடத்தைப் பெரிய வாஷர் மூடிக்கொண்டது.

கால்களுக்கும் பலகைக்கும் ஊடாகச் செல்லும் 12 மில்லிமீட்டர் மரைக்கம்பிகளை முதலில் துத்தநாகம் பூசியதாக வாங்கினோம், நான்குக்கும் ₹140. ஐந்தாம் மாதத்தில், முதல் மழையோடு, கீழ் வாஷர்களிலிருந்து பழுப்புக் கோடுகள் கல்லில் இறங்கின. அவற்றை மாற்றியபோது 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போதும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் உப்புக் காற்றில் அதுவும் பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316 ரகமே அங்கே நிற்கும். நாகப்பட்டினத்தில் படகு எஞ்சின் உதிரிபாகங்கள் விற்கும் கடையில் அது கிடைத்தது; ஒரு தொகுதி ₹240, நான்குக்கும் ₹960. கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையில் 3 மில்லிமீட்டர் ரப்பர் வாஷர் வைத்து, கையால் இறுகும் அளவுக்கு மேல் கால் சுற்று மட்டும் முடுக்கினோம். துருக்கறைக்கு, அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, கையுறை அணிந்து, முதலில் கல்லின் பின்புறத்தில் சோதித்துவிட்டுத் துணியில் நனைத்துப் போட்டோம். இரண்டாம் முறையில் கறை நீங்கியது. வீணான கம்பிகளையும் சேர்த்துக் கல் வேலையின் மொத்தச் செலவு ₹15,102. இரும்புப் பலகைக்குச் செலவிட்டது தனி.

திருத்த முடியாத குறை ஒன்று இருக்கிறது. பலகையின் முகம் கிழக்கு நோக்கியது; கல் மெருகேற்றிய கறுப்பு. காலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை வெயில் நேரே பட்டு, பலகை கண்ணாடி போல வானத்தைக் காட்டுகிறது, எழுத்து தெரிவதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் அந்த வழியாகப் போகும் நேரம் அதுதான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம். தாள் சோதனையை நாங்கள் மாலையில் செய்தோம். தாளுக்குப் பளபளப்பும் இல்லை. மெருகு ஏற்றாத மங்கலான முகமுள்ள கல்லை வாங்கியிருந்தாலும், முகத்தை வடக்கே திருப்பியிருந்தாலும் இது நேர்ந்திருக்காது. அதேபோலக் கால்கள் 8 அடி இருந்திருக்க வேண்டும். இப்போது கடைசி வரி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. மழையில் தெறிக்கும் சேறு 1845 என்ற எண்ணின் மீது படிகிறது. நின்று படிப்பவர்கள் குனிய வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். மேல் வரிகளில் வெள்ளை எனாமல் அப்படியே இருக்கிறது. கீழ் மூன்று வரிகளில் வெளிறத் தொடங்கிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு, பனி குறைந்ததும், அந்த மூன்று வரிகளுக்கு மட்டும் மறுபடி வண்ணம் நிரப்ப வேண்டும். அந்த மாணவியும் அவளுடைய தோழிகளும் 'சடங்கன்பாடி' வரியைத் தாங்கள் துடைத்துக் கழுவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன பிரஷ் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.